லுக்யானின் ஈரக் கயிறு

மெசென் ஆற்றங்கரையில் லுக்யானை நல்லவன் என்று யாரும் சொன்னதில்லை. நல்ல கை என்பார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒற்றைக் கோடரியால் வீடு எழுப்பத் தெரிந்தவன் எதற்கு இனிமையாக வேறு பேசவேண்டும் என்பது அவன் கட்சி.

வடகடலில் குருமந்த் தீவுக்குக் குளிர்காலம் முழுக்கத் தங்கி வேட்டையாடப் போன வருஷம் அவர்கள் மூன்று பேர்: தலைவன் அகஃபோன், அவன் மனைவியின் தம்பி நிக்கோன், தச்சன் லுக்யான். கரையேறிய அன்றே சண்டை. ஊரிலேயே செதுக்கிக் காடி வெட்டிப் படகில் கொண்டுவந்த மரங்களில் ஒரு பங்கைக் குளியல் குடிலுக்கு ஒதுக்கச் சொன்னான் அகஃபோன்.

"அப்ப வீட்டுக்குக் கிழக்குச் சுவரு?" என்றான் லுக்யான்.

"கடல் ஒதுக்கின மரம் கரையெல்லாம் கெடக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"உப்பேறின மரம் தலைவரே. குளிர்ல வேர்க்கும். மரத்து இடுக்குல அடைச்ச பாசி நிக்காது."

"வெந்நீரு ஆவியில்லாம நாத்தத்துல கெடக்க நான் என்ன கரடியா? கட்றா."

கட்டினான்.

சூரியன் மாதக்கணக்கில் எழாமல் போனது. கடல் இறுகியது. கடல் ஒதுக்கிய மரத்தில் எழுந்த கிழக்குச் சுவர் வேர்த்தது. வேர்வை வழிந்து பனிக்கட்டியானது. பாசி கொத்துக் கொத்தாகக் கழன்றது. அந்தச் சுவர் மூலையில்தான் சாமிப்படம். தலைவனின் படுக்கை அதன் கீழேதான், அது முறை.

"மச்சான், அடுப்புப் பக்கம் வந்து படுங்க" என்று நிக்கோன் கெஞ்சினான்.

"அடுப்பங்கரையில கூலிக்காரன் படுப்பான். நான் எடம் மாற மாட்டேன்."

நோய் அவனைத்தான் முதலில் பிடித்தது. ஈறு அழுகி ரத்தம் கசிந்தது. முழங்கால் கறுத்தது. எல்லாவற்றையும்விட மோசம் தூக்கம். அந்த நோய், வேதத்தில் வரும் கொடிய ஏரோது ராஜாவின் மூத்த மகள் என்பார்கள். அளவுக்கு மீறித் தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்காருவாள். பச்சை இறைச்சியும் விழிப்பும்தான் மருந்து. அதனால் ஒருவன் கயிற்றில் முடிச்சுப் போடுவான், நோயாளி அவிழ்ப்பான். அவிழ்த்ததும் மறுபடி போடுவான்.

பனிப்பாறைகளுக்கு நடுவே ஊர் திரும்பும் வழி அகஃபோனுக்கு மட்டுமே தெரியும். அவன் செத்தால் கோடையில் படகு இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது. இந்த உண்மை லுக்யானின் வெறுப்பைக் குறைக்கவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தது.

நிக்கோன் இரக்கப்பட்டு முடிச்சுகளைத் தளர்வாகப் போட்டான். அகஃபோன் இழுத்த இழுப்பில் அவை அவிழ்ந்தன. உடனே கண் செருகியது. லுக்யான் கயிற்றைப் பிடுங்கினான். தண்ணீரில் முக்கி, இறுக்கி முடிந்து, வெளியே தொங்கவிட்டு, விறைத்ததும் நோயாளியின் நெஞ்சில் எறிந்தான்.

"அவுருங்க தலைவரே. ஆவியில குளிக்க ஆசைப்பட்ட கை, கயித்தத் தொடக் கூசுதா?"

"நாய்க்குப் பொறந்தவனே, எந்திரிச்சேன்னா உன் பல்லை ஒடைப்பேன்."

"எந்திரிங்களேன். உங்க பல்லு தானாவே விழுதே."

"பாவம்டா, தூங்க விடு" என்று அழுதான் நிக்கோன்.

"உன் பாவத்துலதான் இந்த ஆளு சாவான். தள்ளு அப்பால."

அகஃபோனின் நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கோபம் அவனை விழித்திருக்க வைத்தது. லுக்யான் கையிலிருந்து பச்சைக் கறியை வாங்க மறுத்தான். லுக்யான் வற்புறுத்தவில்லை, அவன் கண்ணெதிரே சப்புக்கொட்டித் தின்றான். மிச்சத்தை அகஃபோன் பிடுங்கி விழுங்கினான்.

பிழைக்க வைக்கிறேனா, பழி தீர்க்கிறேனா என்று முடிச்சுப் போடும்போது லுக்யான் தன்னையே கேட்டுப் பார்த்ததுண்டு. கை நின்றிருந்தால் பதில் கிடைத்திருக்கலாம். கை நிற்கவில்லை.

சூரியன் திரும்பியது. கடல் உடைந்தது. அகஃபோனுக்கு உயிர் இருந்தது, கால் நிற்கவில்லை. படகில் தூக்கி வைத்தபோது, சுக்கானோடு சேர்த்துத் தன்னைக் கட்டச் சொன்னான். நிக்கோன் கயிற்றை எடுத்தான்.

"நீ வேணாம், உன் கட்டு அவுந்துரும்" என்ற அகஃபோன், லுக்யான் பக்கம் தாடையைக் காட்டினான். "அந்த நாய் கட்டட்டும்."

லுக்யான் கட்டினான். படகு ஊர் சேர்ந்தது.

நன்றி என்ற சொல் இருவருக்கும் நடுவே வரவில்லை. கிழக்குச் சுவரை ஒழுகவிட்ட தச்சன் என்றே சாகும்வரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் அகஃபோன். லுக்யான் மறுத்துப் பேசவில்லை. அகஃபோனின் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், அவன் போகவுமில்லை.