மாத்திரை தின்றால் வேலை உண்டு

நோரீனின் வலது கையைக் கடித்தது அவள் வேலை பார்த்த தொழிற்சாலை மிஷின்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டொலிடோ நகருக்குத் தெற்கே, கார் கதவுக்குக் கீல் அடிக்கிற இடம். தடுப்புத் தகடு சரியாக இறங்காத ஒரு காலையில் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. கம்பெனி டாக்டர் தைத்துவிட்டு வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

காயம் ஆறியது, வலி ஆறவில்லை. மாத்திரை கூடிக்கொண்டே போனது. கடைசியில் வலி இல்லாத நாளிலும் உடம்பு அதைக் கேட்டது. அடுப்பை எரியவிட்டு நின்றபடியே தூங்குவாள். மகள் கெல்சியின் கல்யாணப் படங்களில் எல்லாம் அவள் இருக்கிறாள். கல்யாணம்தான் அவள் நினைவில் இல்லை.

வேறொரு டாக்டர்தான் கஞ்சா எண்ணெய் பற்றிச் சொன்னார். ஒஹையோவில் சட்டம் வந்துவிட்டது, நோயாளி அட்டை வாங்கினால் கடையிலேயே கிடைக்கும் என்றார். சிகரெட்கூடத் தொடாதவள் நோரீன். முதல் தடவை போனபோது, தேவாலயத்துக்கு வருகிற யாராவது பார்த்துவிடுவார்களோ என்று காரைப் பின்தெருவில் நிறுத்தினாள். படுக்கும்போது நாக்குக்கு அடியில் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். மெல்ல மெல்ல மாத்திரையை விட்டாள். ஒரு காலை அவள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தபோது புருஷன் டுவேன், "ஏய், என் பொண்டாட்டி ஊருக்குத் திரும்பிட்டா போலிருக்கே!" என்றான்.

நல்ல வருஷங்கள் சில போயின. பிறகு தொழிற்சாலை கை மாறியது. உடம்பில் போதைப்பொருள் உண்டா என்று எல்லாருக்கும் சிறுநீர்ச் சோதனை என்றார்கள் புது முதலாளிகள். மறைக்க என்ன இருக்கிறது என்று நோரீன் முந்திக்கொண்டு ஆபீசுக்குப் போய், பணியாளர் விவகாரம் பார்க்கும் ஜில்லிடம் அட்டையை நீட்டினாள்.

"கார்டு செல்லும், நோரீன். இல்லேன்னு சொல்லல. போலீஸ் உங்களப் பிடிக்க மாட்டாங்க. ஆனா நாங்க வேலைக்கு வெச்சுக்கணும்னு அதுல எங்கயும் இல்ல."

"வேல நேரத்துல நான் தொட்டதே இல்லம்மா. ராத்திரி படுக்கறப்பதான்."

"ராத்திரியா பகலான்னு சோதனைக்குத் தெரியாதே."

"அப்போ பழைய மாத்திரையையே முழுங்கிட்டு வந்தா?"

ஜில் நிமிரவில்லை. "டாக்டர் சீட்டு இருந்தா அதுக்குத் தடை இல்ல."

சோதனை எதிர்பார்த்தபடியே சொன்னது, வேலை போயிற்று. வாசல்வரை கூட வந்தவன் ஃபோர்மேன் ரஸ். இருவரும் இளவயதில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என் மேல கோவப்படாத, கிழவி. நாளைக்கு அந்த மிஷின்ல எவன் கையாவது போனா, போதைல ஓட்ட விட்டியான்னு என்னத்தான் கேப்பாங்க."

"திங்கக்கிழம காலைல உன் வாயில வர்ற விஸ்கி வாடைக்கு மிஷினே மயங்கி விழும், ரஸ். அத எவன் சோதிச்சான்?"

சிரிக்க வாய் திறந்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

அவள் போய்ப் பார்த்த வக்கீல் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் எடுக்க அவளுக்கு அனுமதி தந்த அதே சட்டம், எடுத்தால் வேலையைவிட்டு அனுப்ப முதலாளிக்கும் அனுமதி தந்திருக்கிறது என்றார். வேலை இழந்தவர்களுக்கான அரசு உதவியும் வரவில்லை. தப்பு அவளுடையதாம்.

டுவேன் இரும்பு வார்ப்பட ஆலைத் தூசியில் நுரையீரலைத் தொலைத்தவன். மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருப்பான். அவன் மருந்தெல்லாம் அவள் வேலையோடு வந்த காப்பீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் வேறு இடங்களில் கேட்டுப் பார்த்தாள். காப்பீடு தருகிற இடத்தில் எல்லாம் முதலில் நீட்டுவது சோதனைக் குப்பியைத்தான்.

எண்ணெயை நிறுத்தினாள். உடம்பிலிருந்து அது முழுதாய்ப் போகும்வரை வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மறு சோதனையில் தேறியதும் வேலை திரும்பக் கிடைத்தது, புதிதாய்ச் சேர்ந்தவளைப்போல, எல்லாருக்கும் கடைசியாக. கையோ வலியில் மிஷினுக்குப் படியவில்லை. கம்பெனி டாக்டர் பழைய மாத்திரையையே எழுதித் தந்தார். ஜில் அந்தச் சீட்டை வாங்கிக் கோப்பில் வைத்து, "திரும்ப வந்ததுல சந்தோஷம்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

குளிர் தொடங்கியபோது ஒரு சாயங்காலம் கெல்சி தன் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் குளியலறைத் தண்ணீர் நடைவரை வந்திருந்தது. தொட்டிக்குள் அதன் விளிம்பைப் பிடித்து நின்று குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே, சுவரில் தலை சாய்த்து, நோரீன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கெல்சி குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபிறகுதான் அம்மாவை உலுக்கினாள். "திரும்ப அந்த மாத்திரையா? ஏம்மா?"

"அப்பாக்கு மருந்து வேணும்டி."

"பிள்ள செத்துருப்பாம்மா!"

அடுத்த அறையிலிருந்து டுவேன், "வேலைய விட்டுத் தொலை, நோரீன். நான் போறப்ப போறேன்" என்று கத்தினான். அதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு மூச்சு முட்டியது. அந்த இழுப்பைக் கேட்டபடி ஈரத் தரையில் உட்கார்ந்திருந்த நோரீன் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கெல்சி வருகிறாள். குழந்தை உள்ளே வருவதில்லை. மருமகன் எஞ்சினை அணைக்காமலே குழந்தையோடு வண்டியில் உட்கார்ந்திருப்பான். நோரீன் படியிறங்கிப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டுவாள். குழந்தை சில நாள் பார்க்கும், சில நாள் பார்க்காது.