இருட்டு மேடம் போட்ட மார்க்

மானிட்டரை அணைத்து, மவுஸைப் பிடுங்கி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். பிறகு கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கும் தன் இயர்போனைப் பிரித்துக் காதில் மாட்டிக்கொண்டு, கறுத்துக் கிடக்கும் திரைக்கு எதிரே விறைப்பாக இருந்தபடி தட்டத் தொடங்குவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் கொஞ்சம் பயப்படுவார்கள். பழகியவர்கள் ‘இருட்டு மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது, சட்டை செய்வதில்லை.

அவர் இருப்பது ஒரு நுகர்வோர் பத்திரிகையின் பரிசோதனைப் பிரிவில். மிக்சி, போன், துணி துவைக்கும் இயந்திரம் என்று சந்தைக்கு எது வந்தாலும் வாங்கி, ஓட்டிப் பார்த்து, மார்க் போட்டு, அட்டவணையாக அச்சிடுகிற பத்திரிகை. இவர் பங்குக்கு மென்பொருள். அதிலும், பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டு எழுதுவது இவருடைய தனிப் பொறுப்பு. வெறுமனே கண்ணை மூடிக்கொண்டு சோதிக்கக் கூடாதா என்று கேட்டால் முறைப்பார். “கண்ணை மூடினா, வேணும்கிறப்ப திறந்துக்கலாம்னு மனசுக்குத் தெரியுமே. அது ஏமாத்து வேலை.”

மார்க் போடும் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். புதுத் துடைப்பம் வாங்கினாலும் மூன்று அறைகளைப் பெருக்கிப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வார். “பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கு எனக்கு எவ்வளவு மார்க் போட்டாள்னு இன்னும் வாயைத் திறக்க மாட்டேங்கறா” என்று அவர் கணவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோபம் வந்தால் விசைப்பலகையைத் துடைப்பார். துடைத்துத் துடைத்து அதில் பாதி எழுத்துகள் அழிந்துவிட்டன. அவ்வளவு கோபம் வரக் காரணம் அந்த அட்டவணைதான்.

அதன் கடைசிக் கட்டத்தின் பெயர் ‘காசுக்கேற்ற மதிப்பு’. மொத்த மார்க்கை விலையால் வகுத்து, அதை வைத்தே வரிசை போடுவார்கள். மிக்சிக்குச் சரி. ஆனால் திறந்த மூல மென்பொருளுக்கு விலை ஏது? எழுதியவர்கள் உள்ளே இருப்பதையெல்லாம் ஊரறியத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். விலைக் கட்டத்தில் பூஜ்யம் விழுகிறது. பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் கணினி கையை விரித்துவிடும். உடனே பக்கம் அமைப்பவர் அந்த இடத்தில் ‘மதிப்பிட இயலவில்லை’ என்று போட்டுக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார். பக்கத்தில் ஆசிரியர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பார்: ‘இலவசம், கணினி நிபுணர்களுக்கு மட்டும் ஏற்றது.’ எந்த நிபுணரைக் கேட்டு எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. சோதனையில் முதல் மார்க் வாங்கியது அச்சில் கடைசியில் நிற்கும். இப்படி வருஷா வருஷம் நடந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

இந்த ஆண்டு அது வயிற்றெரிச்சலோடு நிற்கவில்லை. ஒரு பெண் போன் செய்தார். அவர் கணவர் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர். நடு வயதில் பார்வை போய்விட்டது. பத்திரிகை முதலிடம் கொடுத்த மென்பொருளை வாங்கிப் போட்டுத்தான் மறுபடி வேலைக்குப் போயிருக்கிறார். ஆண்டு உரிமம் முடிந்த அன்று, வேலை நடுவிலேயே அது வாயை மூடிக்கொண்டது. திரும்ப வாங்கக் கையில் வழியில்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இருட்டு மேடம் இலவச மென்பொருளின் பெயரைச் சொன்னார். அதைவிட இது நன்றாக வாசிக்கும், நானே சோதித்தேன் என்றார்.

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்: “அதைத்தாங்க ஆபீஸ்ல போடலாமான்னு கேட்டோம். உங்க பத்திரிகையே மதிப்பிட முடியலன்னு எழுதியிருக்கு, அதை எங்க கம்ப்யூட்டர்ல ஏத்த விடமாட்டோம்னுட்டாங்க. நல்லதுன்னா அச்சுல காட்டுங்கங்கறாங்க. அவ்வளவு நல்லதுன்னா நீங்க ஏன் மேடம் கடைசியில போட்டீங்க?”

இருட்டு மேடம் அன்று மாலைவரை விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புது இதழ் அச்சுக்குப் போகிற நேரம் அது. ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னார். ஆசிரியர் கெட்டவர் இல்லை. பழகிய தடத்தை விட்டு இறங்கப் பிடிக்காதவர். சும்மா கொடுப்பதில் குறை வந்தால் வாசகர் யார் சட்டையைப் பிடிப்பார் என்று கேட்டார். காசு வாங்கும் கம்பெனிக்குக் குறை சொல்லி எழுதிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை, சும்மா கொடுப்பவர்களோ சொன்ன குறையை மறுநாளே திருத்தினார்கள் என்றார் மேடம். பார்க்கலாம் என்றார் ஆசிரியர். விலைக் கட்டத்தில் ஒன்று என்று போட்டுவிட்டால் கணக்கு தானாக ஓடிவிடுமே என்று பக்கம் அமைப்பவர் குறுக்கு வழி சொன்னார்.

“பொய் விலை போட்டு ஜெயிக்க வைக்கவா நான் மாரடிக்கிறேன்?” என்றார் மேடம். “சும்மா கிடைக்குது, நல்லாவும் இருக்குன்னு ஒரு வரி எழுத இங்க யாருக்கும் கை வரலையா?”

மறுநாள் இறுதிப் பக்கம் வந்தது. கடைசி வரிசை, மதிப்பிட இயலவில்லை, நிபுணர்களுக்கு மட்டும்.

இந்த முறை துடைக்கும் துணியை அவர் தொடவில்லை. ஒரு பென்டிரைவையும் கைக்குட்டை முடிச்சையும் எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்குள் போனார். ஆசிரியர் அதே பக்கத்தைத் திரையில் வைத்து ஒப்புதல் கொடுக்கவிருந்தார். மேடம் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்த இலவச மென்பொருளை ஓடவிட்டு, மானிட்டரை அணைத்தார். ஆசிரியரின் கை மவுஸைத் தேடியது. அது ஏற்கெனவே மேடத்தின் கைக்குள் இருந்தது.

“கணக்கு எழுதறவர் இப்படித்தான் சார் உட்கார்ந்திருக்கார். இப்ப அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்புங்க.”

கைக்குட்டையைப் பிரித்து, யாருக்கும் கொடுக்காத தன் இயர்போனைக் கணினியில் மாட்டி, அவர் முன்னால் நீட்டினார். அதற்குள்ளிருந்து மெல்லிய குரல் அட்டவணையை வரிசை வரிசையாக வாசித்துக்கொண்டே வந்து, தன்னைப் பற்றிய கடைசி வரியையும் ஓர் எழுத்து பிசகாமல் சொன்னது: மதிப்பிட இயலவில்லை. மேடம் நீட்டிய கையை மடக்கவில்லை.