தடுப்புக்கு அந்தப் பக்கம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில், மார்பளவுத் தடுப்புகள் வைத்துப் பிரித்த ஒரு வரிசையில் அவளுடைய இருக்கை. உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. ஆனால் யார் பேசினாலும் எல்லாருக்கும் கேட்கும்.

அவள் பிறவியிலேயே வாயில்லாப் பூச்சி அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூலத்துக்கு என்ன மருந்து என்று டாக்டரிடம் போனில் கேட்டாள். போனை வைத்த சூட்டோடு தடுப்புக்கு மேல் ஒரு தலை எழும்பியது. பக்கத்து இருக்கைக்காரி. பெயர் வானொலி அக்கா. அதற்கு விளக்கம் தேவையில்லை.

"மாத்திரையெல்லாம் வேணாம்டி. தண்ணி நிறைய குடி. உக்காந்தே கெடக்காத."

அக்கறையில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலையில், பின் இருக்கைத் தும்மல் சார் வீட்டிலிருந்து ஒரு மெத்தை கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் அவள் நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். நல்ல மெத்தை, நடுவில் ஓட்டை வைத்தது. அன்றைக்கு நாக்கைச் சுருட்டி உள்ளே வைத்தவள்தான்.

வீடு மட்டும் என்ன வாழ்ந்தது? இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் மாமியார், இன்னொன்றில் கணவனும் இரண்டு பிள்ளைகளும் அவளும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நின்றால்கூட யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள்.

அந்த வரிசைக்கென்று ஒரு மரியாதை உண்டு. யாருக்காவது சொந்த விஷயமாகப் போன் வந்தால், மற்றவர்கள் கீபோர்டைப் படபடவென்று தட்டுவார்கள். நாங்கள் கேட்கவில்லை, நீ பேசு என்று அர்த்தம். இருப்பதிலேயே பலமாகத் தட்டுபவர்தான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட இடத்தில் இருந்தவளுக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் கூடப் போவதில்லை. ஆனால் பதிவறையில் ஒரே ஆள்தான்; அறைக்கு ஒரு கதவு. அந்தக் கதவை நினைத்து நினைத்தே அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் போயிற்று.

போனில்தான் பேசுவோம் என்று சொல்லியிருந்தார்கள். லீவு போட்டால் வீட்டில் மாமியார். மாடிப்படியில் சிகரெட் கூட்டம். கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் ஊளையிட்டது. வண்டி நிறுத்துமிடத்தில் சிக்னல் இல்லை. வேறு வழியில்லாமல் தன் இருக்கையிலேயே உட்கார்ந்து, போன் அடித்ததும் மேசைக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டு எடுத்தாள்.

வரிசை உடனே கீபோர்டைத் தட்டத் தொடங்கியது.

"என்னங்க, அங்க மழை பெய்யுதா?" என்றார் மருத்துவமனை மேடம்.

"இல்லைங்க மேடம். டைப் பண்றாங்க."

"ஒண்ணுமே காதுல விழல. சத்தமா பேசுங்களேன்."

தும்மல் சாருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், நம்மால் பிள்ளையின் பேச்சு கெடுகிறதே என்று எழுந்து நின்று எல்லாருக்கும் கையமர்த்தினார். ஒரே நொடியில் வரிசை அடங்கியது. ஏசி ஓடுவதுகூடத் தனியாகக் கேட்டது.

"இப்ப இருக்கற வேலைய ஏன் விடணும்னு நினைக்கிறீங்க?"

முன்னேற்றத்துக்காக என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். மெதுவான குரலில் சொல்லிப் பழகிய பொய் அது. சத்தமாகச் சொல்ல வரவில்லை.

"இங்க எல்லாரும் நல்லவங்க மேடம். உடம்புக்கு முடியலன்னா நான் கேக்காமலே செய்வாங்க. ஆனா இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை நான் தனியா பேசினதில்ல. இப்ப பேசறதைக்கூட மொத்தப் பேரும் கேட்டுட்டு இருக்காங்க. எனக்கு ஒரு கதவு வேணும் மேடம். அவ்வளவுதான்."

மேடம் பேச்சை முடித்துக்கொண்டார். "சரிங்க. கலந்து பேசிட்டு இன்னைக்கே சொல்றோம்."

போனை வைத்தாள். ஒரு தலையும் எழும்பவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தடுப்பின் ஓரத்தை யாரோ விரலால் தட்டினார்கள். வானொலி அக்கா எட்டிப் பார்க்காமல், நடைபாதை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"உள்ள வரலாமா?"

"என்னக்கா இது, வாங்க."

"இல்ல, கேட்டுட்டுத்தான வரணும்." முகம் தொங்கிப்போயிருந்தது. "என் மேலதான கோவம்?"

"உங்க மேல மட்டும் இல்லக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயப் பாரேன். கதவு வச்ச ரூமுல ஒத்தையில உக்காந்து என்னடி பண்ணுவ?"

"வாய்விட்டுப் பேசுவேன்."

"யாருகிட்ட?"

அவள் அதை யோசித்திருக்கவில்லை. அதற்குள் போன் அடித்தது, மருத்துவமனை எண். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வரிசை முழுக்கக் கேட்கும்படி, "எல்லாரும் எழுந்திருங்க, டீ குடிக்கப் போலாம்" என்றாள்.

"இப்பத்தானம்மா குடிச்சோம்?" என்றார் தும்மல் சார்.

"இன்னொண்ணு குடிச்சா குடல் வெந்துடாது. நடங்க சார்."

நாற்காலிகள் நகர்ந்தன. செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. ஆளில்லாத வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்க மேடம்" என்றாள். தன் குரல் இவ்வளவு கனமானதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. முதல் தேதியே சேரலாம் என்றார்கள்.

போனை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். சொல்ல ஒருவரும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்களைத் தேடி வேகமாகப் படியிறங்கினாள்.