ஏகாதசியன்று அடித்துக்கொண்ட நெஞ்சு

வங்காளத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்த சமயம். கல்கத்தாவில் பவானிப்பூரில் குடியிருந்தோம். சணல் கம்பெனி ஒன்றில் எனக்குத் தாற்காலிக குமாஸ்தா வேலை. மலேரியாவில் படுத்து எழுந்ததும் கம்பெனியின் வெள்ளைக்கார டாக்டர் துரை மார்பில் குழாய் வைத்துக் கேட்டு, இருதயம் பலவீனம் என்றார். மழைக்காலம் முடிந்து வா, அப்போதும் இப்படியே இருந்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? நிலமும் இல்லை, நீச்சும் இல்லை.

நெஞ்சுக்குப் பலம் ஏற்றப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை, இதையும் மிதித்தால் வெடித்தே போகும் என்று தெரிந்த தமிழர்கள் அத்தனை பேரும் பயமுறுத்தினார்கள். போங்கய்யா என்று விட்டுவிட்டேன். விடியற்காலையில் மைதானத்துப் பக்கம் மிதிப்பேன். முதலில் நாலு மரம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டும், தொடை நடுங்கும். இறங்கி நிற்பேன், மறுபடி ஏறுவேன். துர்கா பூஜை சமயம் வருவதற்குள் கிதர்ப்பூர் பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமலே போனேன். சோறும் இரண்டு பங்கு இறங்கியது.

டாக்டர் வரச்சொன்ன நாள் ஏகாதசியாக வாய்த்தது. அன்று எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. "இன்னிக்கு ஒரு நாளாவது டிராமிலே போங்கோளேன்" என்றாள் என் மனைவி. கேட்டேனா? என் பலத்தைத் துரைக்குக் காட்ட வேண்டாமா என்று வெயிலில் வேகுவேகென்று மிதித்துப் போய், மாடி ஏறி, நேரே அவர் முன்னால் நின்றேன். குழாயை வைத்தவர் முகம் சுருங்கிவிட்டது. நெஞ்சு தறிகெட்டு ஓடுகிறதாம். போகலாம் என்று கை காட்டினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வெளியே என்னைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தார் வங்காளிக் கம்பவுண்டர் ஒருவர். முன்பின் அறியாத மனுஷர். சைக்கிளில் வந்ததையும் பட்டினியையும் சொன்னதும் திகைத்துப்போனார். "ஏகாதசி எங்கள் பக்கம் விதவைகளுக்கு அல்லவா, பாபு? வீட்டில் சுமங்கலி இருக்க நீங்கள் ஏன் காய்கிறீர்கள்?" என்று, தானே கீழே போய் இளநீர் வாங்கிவந்தார். பெருமாள் மன்னிப்பார், கம்பெனி மன்னிக்காது என்று குடித்தேன். அவர் உள்ளே போய் எனக்காக வாதாடினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள்.

இப்போது நெஞ்சு பரமசாதுவாக இருந்தது. "இதில் எதை நான் நம்புவது?" என்றார் துரை.

"இரண்டையும் நம்புங்கள். இன்னொரு தடவை மிதித்துவிட்டு வருகிறேன். எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று நீங்களே கேளுங்கள்" என்றேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ.

அவர் ஜன்னலில் நிற்க, தெருக்கோடிவரை பறந்து திரும்பி, படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தேன். கையில் கடிகாரத்தோடு, குழாயை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். குதிரையாய் ஓடியது மெல்ல மெல்ல நடைக்கு வந்தது. எனக்கே அது உள்ளே தெரிந்தது. கம்பவுண்டர் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "திங்கட்கிழமை வேலைக்கு வா" என்றார் துரை.

இன்றுவரை சைக்கிளையும் விடவில்லை, ஏகாதசியையும் விடவில்லை. இளநீர் மட்டும் உண்டு. அதன்பின் எத்தனையோ கஷ்டங்களில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதுண்டு. அப்போதெல்லாம், கொஞ்சம் பொறு, அடங்கத் தெரிந்த நெஞ்சுதானே இது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.