பாலத்துக்கு அந்தப் பக்கம் விடுமுறை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரேலீன் ஒரே வாக்கியத்தை ஐம்பது தடவை சொல்வாள். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க, பில்லுல பத்து பர்சன்ட் கூட வரும், கார்டுல குடுத்தா அதுக்கு மேல ஒன்றரை. பரவாயில்லையா?" அரசு விடுமுறை என்றால் அந்தப் பத்து என்பது பதினைந்தாகும். மற்றபடி வாக்கியம் அதேதான். பத்தொன்பது வருஷமாக ஆல்பரியில் ஒரு காபிக் கடையில் அவள் பரிமாறுகிறாள், நான் உள்ளே சமைக்கிறேன். அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவில் தட்டு வைக்க ஒரு ஜன்னல் உண்டு. அவள் சொல்வதும் காதில் விழும், ஜனங்கள் திருப்பிச் சொல்வதும் விழும்.

"நேத்து வந்தப்ப இதெல்லாம் இல்லையே?"

"நேத்து சனிக்கிழமைங்க."

"சனிக்கிழமையும் லீவுதானே?"

"ஆமாங்க. ஆனா நாங்க சனிக்கிழமைக்கு வாங்கறதில்ல. எதிர்க்கடையில வாங்கறாங்க."

"ஞாயித்துக்கிழமையே அரசு லீவும் வந்துட்டா? இருபத்தஞ்சா?"

"பதினஞ்சுதாங்க. ரெண்டையும் கூட்ட மாட்டோம்."

"என்னவோ போ. நீங்க சொல்றதுதான் கணக்கு."

இதாவது பரவாயில்லை. "ஏம்மா, இந்த முட்டை போட்ட கோழிக்கு இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரியுமா?" என்று கேட்காத ஆம்பளை இந்த ஊரில் கிடையாது. இது தன் மூளையில்தான் முதலில் உதித்தது என்று ஒவ்வொருத்தனுக்கும் நினைப்பு. ஒவ்வொருத்தனுக்கும் ரேலீன் புதிதாகக் கேட்ட மாதிரி சிரிப்பாள். நானாக இருந்தால் கரண்டியை வீசியிருப்பேன். அதனால்தான் என்னை உள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

விடுமுறை நாளில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூலி அதிகம். அதற்காகத்தான் முதலாளி இந்தக் கூடுதல் கட்டணத்தை வாங்குகிறார். இதை ரேலீன் பொறுமையாக விளக்கினால் கேட்டுவிட்டு, "அப்ப உனக்குக் கூலி குடுக்க என் தலையில கை வைக்கறாங்க" என்பார்கள். சிலர் அதைவிட மோசமாகவும் சொல்வார்கள். சாயங்காலம் ஏப்ரனைக் கழற்றும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இருக்காது, கழுவிக் கவிழ்த்த தட்டு போல.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு தனித் தலைவலி வேறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆல்பரி, பாலத்தைத் தாண்டினால் வொடோங்கா. காரில் ஐந்து நிமிஷம். ஆனால் இது ஒரு மாநிலம், அது வேறு மாநிலம். உழைப்பாளர் தினம் எங்களுக்கு அக்டோபரில், அவர்களுக்கு மார்ச்சில். கால்பந்து இறுதிப்போட்டிக்கு முந்தின நாள் அவர்களுக்கு லீவு, எங்களுக்கு வேலை. அங்கே விடுமுறை என்றால் அங்கிருப்பவர்கள் பதினைந்து சதவீதத்துக்குப் பயந்து பாலத்தைத் தாண்டி இங்கே வந்து சாப்பிடுவார்கள். இங்கே விடுமுறை என்றால் நாங்கள் அங்கே. இரண்டு பக்கத்து விடுமுறையையும் மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரே ஆள் ரேலீன்தான். சந்தேகம் வந்தால் முதலாளியே அவளைத்தான் கேட்பார்.

அவள் புருஷன் நெவில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். முப்பது வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டி முதுகு போய், இப்போது வீட்டோடு இருக்கிறான். கஞ்சன் இல்லை. நண்பன் கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான். ஆனால் கொள்கைக்காரன், அதுதான் கொடுமை. பார்க்கிங் கட்டணம் பிடிக்காது, சூப்பர்மார்க்கெட்டில் பைக்குக் காசு கேட்டால் பிடிக்காது. ஓட்டலில் கூடுதல் கட்டணம் என்றால் அவனுக்குக் கழுத்து சிவந்துவிடும். அதனாலேயே அவளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் வெளியே போய்ச் சாப்பிட்டதில்லை. அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒழிந்ததில்லை.

போன மார்ச்சில் ரேலீனுக்கு அறுபது முடிந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் உப்புப் புட்டிகளை நிரப்பிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்.

"க்ளெண்டா, நெவ் டேபிள் புக் பண்ணியிருக்கான். அவனா போன் பண்ணிப் பண்ணியிருக்கான். நீயும் வரணுமாம்."

"பார்றா! எங்க?"

"வொடோங்காவுல. திங்கக்கிழமை மத்தியானம். 'திங்கக்கிழமை பாத்துப் போட்டேன், வார இறுதியும் இல்ல, லீவும் இல்ல, எவனும் நம்மகிட்ட எக்ஸ்ட்ரா கேக்க முடியாது'ன்னு அவனுக்கு ஒரே பெருமை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"அடியே, அன்னைக்கு அவங்களுக்கு உழைப்பாளர் தினமாச்சே!"

"ம்."

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"சொன்னா கேன்சல் பண்ணிடுவான். வேற நாள் பாக்கறேம்பான். அந்த வேற நாள் வரவே வராது. முப்பத்தாறு வருஷத்துல அவனா புக் பண்ணது இதுதான் முத தடவ." உப்பு மேஜையில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. "ஒரே ஒரு மத்தியானம் க்ளெண்டா. நான் உக்காந்து, வேற யாராவது தட்டு கொண்டுவந்து வெக்கணும். அந்தப் பேச்சு மட்டும் என் காதுல விழக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அறுபது வயசில் ஒரு பொம்பளை கேட்கிற வரத்தைப் பாருங்கள். சரி, சமாளிப்போம் என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை வெயில் இன்னும் குறையவில்லை. நெவில் சலவைச் சட்டை போட்டு, ரேலீனுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான். பாலம் தாண்டியதுமே கேட்டான்.

"என்ன இது, கடையெல்லாம் சாத்திக் கெடக்கு? பார்க்குல அவ்வளவு கூட்டம். இவங்களுக்குத் திங்கக்கிழமை வேலைவெட்டி கெடையாதா?"

"வெயிலு நல்லாருக்குல்ல, அதான்" என்றாள் ரேலீன்.

"வொடோங்காக்காரனுங்க எப்பவுமே சோம்பேறிங்கதான்" என்று நானும் என் பங்குக்கு ஒன்று போட்டேன்.

ஓட்டல் வாசலில் சாக்பீஸில் எழுதின பலகை. இன்று விடுமுறை, பதினைந்து சதவீதம் கூடுதல் என்று கொட்டை எழுத்தில். என் பெரிய தொப்பியைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிட்டு, "முதல்ல பிறந்தநாள்காரி, முதல்ல பிறந்தநாள்காரி" என்று இரண்டு பேரையும் உள்ளே தள்ளினேன். அந்தத் தொப்பி அங்கேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் அதே சங்கதி இருந்தது. நெவில் சட்டைப் பையைத் தடவினான், கால்சட்டைப் பையைத் தடவினான்.

"படிக்கற கண்ணாடிய மறந்துட்டனே."

"பரவால்ல விடு, நான் படிக்கறேன்" என்றாள் ரேலீன். கண்ணாடி அவள் கைப்பையில் இருந்தது. கிளம்பும்போது அவள் எடுத்து வைத்ததை நான் பார்த்தேன்.

பரிமாறியவள் எங்களைவிடப் பத்து வயது இளையவளாக இருப்பாள். தான்யா என்று சட்டையில் குத்தியிருந்தது. வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். கடை நிரம்பி வழிந்தது, அவளோடு ஓடுவதற்கு இன்னும் இரண்டே பேர். நெவில் கோழிக்கறி மேல் பாலாடைக்கட்டி உருக்கின தட்டு ஒன்று சொன்னான். நான் மீன் சொன்னேன். ரேலீன் ஆட்டுக்கறி வறுவல் சொல்லிவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றினாள். சாப்பாடு வந்தபோது தட்டை வாங்கத் தன்னையறியாமல் பாதி எழுந்துவிட்டாள். "உக்காருடி" என்று நெவில் தோளைப் பிடித்து அமுக்கினான். மூன்று பேரும் சிரித்தோம். அவள் மெதுவாக, சூடாக, கடைசித் துண்டுவரை சாப்பிட்டாள். வேலை நாளில் எங்கள் சாப்பாடு எப்போதும் ஆறித்தான் போயிருக்கும். நெவில் பழைய லாரிக் கதைகள் சொன்னான். நடுவில், "நல்லாருக்கில்ல, ரே? வருஷா வருஷம் வரணும்" என்றான். அவள் கண் கலங்கியது. நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேக்கும் ஆனது. பாத்ரூம் போகிறேன் என்று ரேலீன் எழுந்தாள். அவள் திட்டம் எனக்குத் தெரியும். நேரே கல்லாவுக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டால், பில் மேஜைக்கு வராது, எல்லாம் சுபம். ஆனால் நெவில் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏய், ஏய்! பிறந்தநாள்காரி பணம் கட்டறதா? நல்ல கூத்தா இருக்கே!" என்று கூவிக்கொண்டு, முதுகு வலியையும் மறந்து எழுந்து ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன். என்ன பிரயோஜனம்? அவன் அதற்குள் கார்டை நீட்டிவிட்டான்.

"எவ்வளவும்மா?"

தான்யா ஒளிக்கவில்லை. இந்த வேலையில் நல்லவர்கள் யாரும் ஒளிப்பதில்லை, பிற்பாடு சண்டை வராமலிருக்க முதலிலேயே சொல்லிவிடுவார்கள். "நூத்தி நாப்பத்தேழு டாலர் இருவது காசுங்க. இன்னைக்கு அரசு விடுமுறைங்கிறதால பதினஞ்சு பர்சன்ட் சேத்திருக்கு."

நெவிலின் கழுத்து சிவக்கத் தொடங்கியது.

"விடுமுறையா? இன்னைக்கு என்ன விடுமுறை?"

"உழைப்பாளர் தினங்க."

"அது அக்டோபர்ல."

"உங்க பக்கம் அக்டோபர்ல. இங்க இன்னைக்கு."

"நான் உங்க பக்கத்துக்காரன் இல்லியே! எனக்கு இன்னைக்கு வேலை நாள். உன் லீவுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

"நெவ், விடு. கட்டிட்டுப் போலாம்" என்றாள் ரேலீன்.

"இல்ல ரே, இது காசுக்காக இல்ல. நியாயம்னு ஒண்ணு இருக்கு."

பின்னால் நான்கைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஒருத்தன் சிரித்தான். கூட்டம் சேர்ந்துவிட்டால் நெவிலுக்கு நாக்கு நிற்காது. "வாசல்லயாவது எழுதிப் போட்டிருக்கலாமில்ல?" என்றான். எழுதிப் போட்டதை மறைத்த பாவி நான்.

"எழுதியிருக்குங்க. மெனுவுலயும் இருக்கு. நாங்க விடுமுறையில வேலை செய்யறதால..." என்று தான்யா ஆரம்பித்தாள். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாத அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"உன்ன வேலைக்கு வரச் சொல்லி நானா வெத்தல பாக்கு வெச்சேன்? புடிக்கலேன்னா வீட்டுல கெடக்கறதுதானே!"

சொல்லும்போது வண்டிச் சாவியை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். அந்த வண்டி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அவன் முதுகு ஒடிந்து கிடந்த மூன்று வருஷமும் ரேலீன் ஒரு ஞாயிறு, ஒரு விடுமுறை விடாமல் நின்று, அந்தக் கூடுதல் கூலியில் வாங்கிய வண்டி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

ரேலீன் கோபப்படவில்லை. அவன் கையைப் பிடித்துச் சாவியைக் கீழே இறக்கினாள். தன் பையிலிருந்து கார்டை எடுத்து இயந்திரத்தில் தட்டினாள். "நூத்தி நாப்பத்தேழு இருவது. சரிதானே கண்ணு?" என்று தான்யாவிடம் கேட்டாள்.

"சரிதாங்க. பரவாயில்ல, பழகிடுச்சு."

"தெரியும்மா" என்றாள் ரேலீன்.

நெவில் ஒரு கணம் விழித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏய், நான் உன்னச் சொல்லல ரே. நீ வேற" என்றான்.

"நான் எப்படி வேற?"

அவன் நீட்டின கார்டைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வரிசையில் சிரித்தவனும் இப்போது சிரிக்கவில்லை. ரேலீன் நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் குரலில் சண்டை இல்லை, களைப்புத்தான். தான்யா அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. நாங்கள் நகர்ந்தோம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். நெவில் சாவியைச் செருகினான், திருப்பவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த சுவரையே பார்த்தான். அவன் காது நுனிவரை சிவந்திருந்தது, ஆனால் இது வேறு சிவப்பு. ரேலீன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். பின்சீட்டில் எனக்கு மூச்சுவிடவே கூச்சமாக இருந்தது.

திரும்பிப் பார்க்காமலே அவன் கேட்டான், "தினமுமா ரே உன்ன இப்படிப் பேசறாங்க?"

"தினமும் இல்ல" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "ஞாயித்துக்கிழமை, அப்புறம் லீவு நாள். மத்த நாளெல்லாம் கால் வலி மட்டுந்தான்."