முன்கூட்டியே வைத்த ஸ்தோத்திரக் கூட்டம்

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் அன்பு. கண்ணீரும் கம்பலையுமாக எழுதினால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார். ஆகவே சிரித்தபடியே எழுதுகிறேன்.

அக்கா கீழ்பென்னாத்தூரில், வேர்க்கடலை பயிரிட்டு வந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். மணமாகி வேங்கிக்கால் வந்தார். இரண்டு பெண்பிள்ளைகளும் சிறியவர்களாக இருந்தபோதே அவருடைய கணவர், எங்கள் மாமா, காலமானார். அக்கா தையல் மெஷின் முன் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த கலெக்டர் ஆபீஸ் பெண்களில் பாதிப்பேர் போட்டிருந்தது அக்கா தைத்த ஜாக்கெட்தான். மிதிக்கும்போதெல்லாம் பாட்டுப் பாடுவார். ராகத்துக்கும் அவருக்கும்தான் எப்போதும் தகராறு. அந்தத் தையலில்தான் மகள்கள் இருவரும் பட்டம் பெற்றார்கள்.

வயிற்றில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். எங்கள் சபையில், நோய் குணமாகி வீடு திரும்பியவர்கள் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்துப் பிரியாணி போடுவது வழக்கம். அக்காவோ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே வைக்கவேண்டும் என்றார்.

“நல்லானப்புறம் வெச்சிக்கலாம்க்கா. ஏதாவது ஒண்ணுன்னா ஊரே சிரிக்கும்” என்றேன்.

“அப்புறம் என்னால பிரியாணி சாப்பிட முடியாதுடி. ஆண்டவர் இப்பவும் கூடத்தானே இருக்காரு? இப்பவே நன்றி சொல்லிடலாம்.”

வீடு கொள்ளாத கூட்டம். பாஸ்டர் பழக்க தோஷத்தில், “எங்க சகோதரிக்குப் பூரண சுகம் தந்தீரே, ஸ்தோத்திரம்!” என்று ஜெபித்துவிட்டார். எல்லோரும் “ஆமென்” என்றார்கள். எனக்கு மட்டும் வாய் வரவில்லை. அக்கா குலுங்கிச் சிரித்து, “பாஸ்டர், நான் இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகலீங்க!” என்றார். ஐயோ, அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு!

சுகம் வரவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர்கள், நோய் பரவிவிட்டது என்றார்கள். எனக்கு ஆண்டவர்மேல் அப்படியொரு கோபம். ஜெபிப்பதையே விட்டேன். அக்காவும் அழுதார், வலி தாங்காமல் என் கையைப் பிடித்ததில் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. வலி அடங்கியதும் மறுபடியும் அதே பாட்டு, அதே ராகம் தப்பிய குரல்.

கடைசி வாரத்தில் பாஸ்டர் வந்து கட்டிலருகே தலைகுனிந்து நின்றார். “அன்னிக்கு அப்படி ஜெபிச்சிட்டேம்மா. மனசுல உறுத்திக்கினே இருக்கு. மன்னிச்சிடுங்க.”

அக்காவின் குரல் முனகலாகத்தான் வந்தது. கண்ணில் மட்டும் அதே குறும்பு. “தப்பா ஒண்ணும் சொல்லலீங்க பாஸ்டர். கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டீங்க, அவ்ளோதான். இயேசு எழுப்பற அன்னிக்கு இந்தக் கட்டியோடவா எழுந்து வருவேன்?”

பாஸ்டர் சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு நானும் சிரித்தேன். மூன்றாம் நாள் காலை, மகள்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவுக்காகப் பௌர்ணமிதோறும் மலை சுற்றிவிட்டு, வலிக்கும் காலோடு கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்ஸ்களுக்கும், கல்லறைவரை தோள்கொடுத்த சபையாருக்கும், பாஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று மதியம் எல்லோருக்கும் பிரியாணி உண்டு, அக்காவின் கட்டளை. சாப்பிடும் முன் பாஸ்டர் அன்று செய்த ஜெபத்தை, ஒரு வார்த்தையும் மாற்றாமல் செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இந்த முறை முதல் ஆமென் என்னுடையது.