ஆறாவது பெட்டி, 1806

‘வியாழன். சேலம் ஜங்ஷன். கண்காட்சி ரயில், ஆறாவது பெட்டி. வேலூர்ப் புரட்சி 1860 என்று தமிழில் தவறாக உள்ளது. 1806 என்பதே சரி. மூன்று முறை பார்க்கப்பட்டது. மாலை 5.40க்குத் திருத்தப்பட்டது.’

அப்பாவின் சட்டைப்பை நோட்டில் உள்ள குறிப்பு இது. கிழமை இருக்கிறது, நிமிடம்கூட இருக்கிறது. ஆண்டு மட்டும் இல்லை. ஓர் ஆண்டுக்காக ஒரு பகல் முழுவதும் போராடிய மனிதர், தன் குறிப்பில் ஆண்டை எழுத மறந்திருக்கிறார். நான் அப்போது நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு என்கிறார் அம்மா. அந்தத் தகராறு தீரும்வரை ஆண்டை எழுதாமல் விடுவதே முறை.

அப்பா ஏற்காடு மலையில், மாரமங்கலம் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். யார் என்றைக்கு வேலைக்கு வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. நாட்டின் வரலாற்றைப் பெட்டி பெட்டியாகக் காட்டும் ரயில் ஒன்று சேலத்துக்கு வந்திருப்பதாகவும், வியாழனோடு போய்விடும் என்றும் கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டார். அம்மாவும் நானும் கூடவே இறங்கினோம். எனக்கு வரலாறு பெரிதாகப் படவில்லை. மலையில் ரயில் கிடையாது. ரயில் ஓடுவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ரயிலோ ஓடவில்லை. வீடுகளை வரிசையாக ஒட்டிவைத்ததுபோல நின்றது. ஜனங்கள் முதல் பெட்டியில் ஏறி, உள்ளேயே நடந்து, கடைசிப் பெட்டியில் இறங்கினார்கள்.

“ஏனுங்கப்பா, இது ஓடாதுங்களா?”

“இது வரலாறு கண்ணு. நின்னுதான் படிக்கோணும்.”

ஆனால் நின்று படிக்கவும் அங்கே விடவில்லை. “நகருங்க, நகருங்க” என்று வரிசையைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஆறாவது பெட்டியில் அப்பா நின்றுவிட்டார். வேலூர்க் கோட்டையின் படம். கீழே ஆங்கிலத்தில் 1806. அதற்கும் கீழே தமிழில் 1860. அடுத்த படத்தில் 1857 புரட்சி தொடங்கியது. பின்னாலிருந்தவர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு போய் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டார்கள்.

அப்பா நேரே பொறுப்பாளரிடம் போனார். கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த இளைஞர் அவர்.

“நீங்க சரியா பாத்திருக்க மாட்டீங்க சார்” என்றார்.

அப்பா மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஒரு மணி நேரம். இந்த முறை இரண்டு வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

“இங்கிலீஷ்ல சரியாத்தானே இருக்கு?”

“இங்கிலீஷ் தெரிஞ்சவங்க தப்பிச்சுக்குவாங்க. தமிழ் மட்டும் படிக்கறவங்க என்னங்க பண்ணுவாங்க? அம்பத்தேழுக்கு அம்பத்தோரு வருசம் முன்னாடி எந்திரிச்சவங்கள மூணு வருசம் பின்னாடி தள்ளி வெச்சிருக்கறீங்க.”

“மேலிடத்துல கேக்கணும் சார்.”

“கேளுங்க. நான் இங்கதான் இருக்கறேன்.”

அம்மா கட்டுச்சோற்றைப் பிரித்தார். “ஏனுங்க, அது அவங்க ரயிலு, அவங்க தப்பு. நம்முளுது மாரமங்கலம் கடைசி பஸ்ஸு. அத உட்டுட்டா ஏற்காட்டுல ஏரிக்கரையிலதான் படுக்கோணும்.”

“படுத்துக்கலாம்” என்றார் அப்பா.

“நொம்ப நல்லா இருக்குது. நீங்களும் உங்க வேலூரும்.”

நான்கு மணிக்குப் பொறுப்பாளரே அலுத்துப்போய் அப்பாவுடன் ஆறாவது பெட்டிவரை நடந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. கூட்டம் போனதும் சரியான எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவதாகச் சொன்னார். “நீங்க கிளம்புங்க சார்” என்றார். ஒட்டியதைப் பார்க்காமல் கிளம்புவதில்லை என்றார் அப்பா.

ஐந்தரைக்குப் பெட்டிகளை மூடத் தொடங்கினார்கள். பொறுப்பாளர் சீட்டும் பசையுமாக ஏறினார். பின்னாலேயே ஏறப்போன அப்பாவைக் காவலர் தடுத்தார். “பாப்பாவ மட்டும் விடறேன், ஓடிப் பாத்துட்டு வரட்டும்.”

அப்பா குனிந்து என் தோளைப் பிடித்தார். “ஆறாவது பெட்டி சாமி. ஒன்னு, எட்டு, சைபர், ஆறு. நல்லாப் பாத்துட்டு வா.”

ஓடினேன். மூன்றாவது பெட்டியின் கடைசியில், மறுபுறக் கதவு திறந்திருந்தது. அடுத்த தண்டவாளத்தில் ஒரு ரயில் அசைந்தது. முதலில் நாங்கள்தான் நகர்கிறோம் என்று பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஜன்னல்கள் போகத் தொடங்கின. ஒரு பெண் தலைவாரிக்கொண்டே போனாள். யாரோ கையசைத்தார்கள். வேகம் ஏற ஏற முகங்கள் எல்லாம் ஒரே கோடாகிவிட்டன. கடைசிப் பெட்டி போன பிறகும் தண்டவாளம் அதிர்ந்துகொண்டிருந்தது.

“பாப்பா, நேரமாச்சு, எறங்கு” என்று காவலர் கூப்பிட்டார். பொறுப்பாளர் மறுகோடியில் இறங்கிப் போய்விட்டிருந்தார்.

“ஒட்டியாச்சா கண்ணு?”

“ஒட்டியாச்சுங்கப்பா.”

“என்ன போட்டிருந்துச்சு?”

“ஒன்னு, எட்டு, சைபர், ஆறு.”

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார். கடைசி பஸ் கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அவர் அம்மாவிடம் வேலூர்க் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா அன்றைக்குப் பிடிவாதக்காரராக மட்டுமே எனக்குத் தெரிந்தார். கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா மற்றதைச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன், பழைய பதிவேட்டைப் புதிதில் நகல் எடுக்கும்போது, செம்மநத்தத்திலிருந்து காப்பி பறிக்க வந்த ஓர் அம்மாளின் வயது 45ஐ அப்பா 54 என்று எழுதிவிட்டார். அந்த அம்மாள் ஓய்வு வயதுக்கு ஒன்பது ஆண்டு முன்பே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். தவறு தெரிந்தபோது பழைய பதிவேடு செல்லரித்துப் போயிருந்தது. பதிவேட்டில் இருப்பதுதான் வயது என்றது நிர்வாகம். என்னுடைய தவறு என்று அப்பா எத்தனையோ முறை எழுதிக் கொடுத்தும் திருத்த விடவில்லை.

இப்போது எங்கள் மலை ஊர்களின் பழைய குறிப்புகளைத் தொகுத்து வருகிறேன். அவற்றில் அப்பாவின் நோட்டும் ஒன்று. நான் எழுதுவதையெல்லாம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படிப்பவர் அவர். இதையும் படிப்பார். ஆகவே அவருடைய குறிப்புக்குக் கீழே நான் சேர்த்திருப்பதை அப்படியே இங்கே தருகிறேன்:

‘மாலை 5.40க்குத் திருத்தப்பட்டது என்பதற்குச் சாட்சி ஒருவரே. அவர் மூன்றாவது பெட்டியைத் தாண்டவில்லை. உறுதிப்படுத்தப்படவில்லை.’